ஆங்கில ஆசிரியரும் தன்னம்பிக்கையும்

ஊர்ப் பாடசாலை ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வகுப்பு நடத்துகின்றார். பாடநூலை வாசிக்கும்போது அவர் குரல் கணீரென்று ஒலிக்கின்றது. நூலை மூடிவைத்து மாணவரோடு ஆங்கிலத்தில் உரையாட வேண்டிய வேளையிலோ அக்குரல் தாழ்ந்துவிடுகின்றது. பிழை நேருமோ, கேட்போர் நகைப்பரோ என்ற அச்சமே காரணம். இதனை அவ்வாசிரியரின் சொந்தக் குறையென்று கூறிவிடுதல் எளிது. நேயர்களே, நமது கல்வி வரலாறு அவ்வாறு கூறவில்லை.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் செமினரி என்னும் உயர்கல்வி நிலையத்தை நிறுவினர். டானியல் பூர் அதன் முதல் அதிபர். மாணவர் அங்கேயே தங்கிப் பல ஆண்டுகள் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்றனர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்றோர் அங்கு பயின்று பெயர்பெற்ற ஆசிரியராயினர். நெடுங்காலம் ஆங்கிலச் சூழலில் வாழ்ந்தோர்க்கு அம்மொழியில் வாய்திறக்கக் கூசவேண்டிய காரணமில்லை. ஆயின் அவ்வாய்ப்புப் பெற்றோர் மிகச் சிலரே. 1855இல் செமினரியும் மூடப்பட்டது. அதன் பின்னரும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கட்டணஞ் செலுத்த வல்லார்க்கே கிட்டிற்று.

இந்த வேலியை அகற்ற முற்பட்டவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழியாயிற்று. ஆங்கிலம் எல்லாப் பாடசாலைகளிலும் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டுமென விதிக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்ததே. எனினும், ஒரு பாடத்தைச் சட்டத்தினால் நாடெங்கும் பரப்பிவிடலாம். அதற்குரிய ஆசிரியரை அவ்விதம் உண்டாக்குதல் இயலாது.

அடுத்து வந்த மாற்றம் இச்சிக்கலை இன்னும் ஆழமாக்கியது. 1950களில் இடைநிலை வகுப்புகளும், 1960 முதலாகப் பல்கலைக்கழகக் கலைப் பாடங்களும் தாய்மொழிக்கு மாறத் தொடங்கின. அது நீதியான மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அதன்பின் ஆங்கிலம் கற்பிக்க வந்தவருட் பலர் அம்மொழியை ஒரு பாடமாக மட்டுமே கற்று வளர்ந்தோர். வீட்டிலும் வீதியிலும் தாம் பேசிப் பழகாத மொழியைப் பிறர்க்குப் பேசக் கற்பிக்கும் பொறுப்பு அவர்கள்மேல் விழுந்தது. அவர்தம் தயக்கம் பிறந்த இடம் இதுவே.

இத்தயக்கத்திற்கு மருந்து தேடியோரும் உளர். ஆசிரியர் பயிற்சித்துறையிற் பணியாற்றிய டக்ளஸ் வலத்தாரா, தமது நூலில் ஆங்கிலத்தைத் தாய்மொழிக்குத் துணைநிற்கும் மொழியாகக் கொண்டார். அவ்வாறு நோக்கின், ஆசிரியரின் தாய்மொழி மறைக்கவேண்டிய குறையாகாது. அவர் கையிலுள்ள முதலாகும். பின்னர், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கல்வியியற் கல்லூரிகள் ஈராண்டு வதிவிடப் பயிற்சியும், பாடசாலையில் வழிகாட்டலுடன் ஓராண்டுப் பயில்வும் அளித்தன. தனியே வகுப்பை ஏற்குமுன், தவறித் திருந்த ஆசிரியர்க்கு ஓரிடம் கிடைத்தது.

2009ஆம் ஆண்டு ஆங்கிலத்திற்கும் தகவல் தொழினுட்பத்திற்கும் உரிய ஆண்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆங்கிலத்தை நமது வழியிற் பேசுவோம் என்பதே அப்போது எழுந்த குரல். ஆசிரியர் குழுவொன்று ஐதராபாத்துக்குச் சென்று பயிற்சி பெற்று மீண்டது. பிறநாட்டார் உச்சரிப்பே அளவுகோல் என்ற எண்ணத்தை, அதுவும் அரசாங்கத்தின் வாயாலேயே, விலக்க முயன்றமை குறிப்பிடத்தக்கது.

ஆதலின், ஆசிரியர் ஊக்கமின்றி இருக்கின்றாரெனக் குறைகூறுமுன், அவருக்கு எத்தனை நாள் பயிற்சி அளித்தோம், பிழையைப் பொறுத்துத் திருத்த யாரை அருகில் வைத்தோம் என்று நம்மையே வினவுதல் தகும். வட்டுக்கோட்டையில் ஒருசிலர்க்கு வாய்த்தது ஊர்ப் பாடசாலை ஆசிரியர்க்கும் வாய்க்குமாயின், நூலை மூடிய பின்னரும் அவர் குரல் கணீரென்றே ஒலிக்கும்.