தெற்கே கரையில்லாத காடு

1834 ஜூன் மாதம். பீகிள் கப்பல் தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியரா டெல் ஃபுவேகோ தீவுகளினூடே சென்றுகொண்டிருந்தது. அத்தீவுகளைச் சூழ்ந்திருந்த மேக்ரோசிஸ்டிஸ் என்னும் ராட்சதக் கெல்ப் பாசியைப் பற்றி டார்வின் தம் பயண நூலில் விரிவாகவே எழுதினார். பாறையைப் பற்றியிருக்கும் அதன் வேர்போன்ற சிக்கலை எடுத்து உதறினால் சிறுமீன்கள், சிப்பிகள், நண்டுகள், நட்சத்திர மீன்கள் எனக் குவியலாகக் கொட்டின. வெப்பமண்டலக் காடொன்று அழிந்தால் மாளும் உயிரினங்களைவிட, இப்பாசிக்காடு அழிந்தால் மாள்பவை மிகுதி என்பது அவர் கணிப்பு. அதே பத்தியில் அத்தீவின் பழங்குடிகளை அவர் மனிதரைத் தின்போர் எனச் சித்திரித்தது ஆதாரமற்ற இழிமொழி. ஆயினும் பாசி, மீன், நீர்க்காகம், நீர்நாய், மனிதர் என நீளும் சார்புச் சங்கிலியை அவர் சரியாகவே கண்டார்.

1973இல் பால் டேட்டன் என்னும் உயிரியலாளர் அதே பகுதியில் மூழ்கிக் கெல்ப் தண்டுகளை எண்ணினார். 2018இல் மற்றொரு குழு அவ்விடங்களுக்கு மீண்டும் சென்றது. பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. அந்நீர் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது.

பசிபிக்கின் மறுகரையில், டாஸ்மேனியாவில் நிகழ்ந்ததோ வேறு. அத்தீவின் கிழக்குக் கரையோரம் 1960களில் ஆல்ஜினேட் தயாரிப்புக்காக எந்திரப் படகுகள் அறுவடை செய்யுமளவுக்குக் கெல்ப் அடர்ந்திருந்தது. பாசியின் பழைய பரப்பை இன்று அறிய உதவும் சான்றுகளுள் அவ்வணிகத்தின் அறுவடைக் கணக்குகளும் அடங்கும் என்பது வரலாற்றின் விந்தை. பின்னர் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வலுப்பெற்றுத் தெற்கே நீண்டது. அது கொணரும் வெந்நீரில் கெல்ப்புக்கு இன்றியமையாத நைட்ரேட் மிகக் குறைவு. ஆகவே பாசியை வெப்பம் மட்டுமன்றிப் பட்டினியும் வாட்டியது. அதே நீரோட்டம் வடக்கிலிருந்து நீள்முள் கடல்முள்ளெலிகளின் இளவுயிரிகளையும் சுமந்து வந்தது. டாஸ்மேனியக் கரையில் அவை முதன்முதலாகப் பதிவானது 1978இல். எஞ்சிய பாசிகளையும் அவை மேய்ந்து பல பாறைகளை வெறுமையாக்கின. கிழக்குக் கரையில் கடற்பரப்பை மூடியிருந்த கெல்ப் விதானத்தில் சுமார் 95 விழுக்காடு மறைந்துவிட்டது. 2012இல் ஆஸ்திரேலிய அரசு இக்காடுகளை அழிவாபத்திலுள்ள உயிர்ச்சமூகமாக அறிவித்தது.

கண்டக் கரையோரப் பாசி, வெப்பம் கூடுகையில் தலைமுறை தலைமுறையாகத் துருவத்தை நோக்கி நகரலாம். தீவுப் பாசிக்கு அவ்வழி இல்லை. வெளிச்சம் எட்டும் ஆழத்தில் பாறை வேண்டும். டாஸ்மேனியாவுக்குத் தெற்கே இருப்பதோ ஆழ்கடல். ஆகவே, தப்பிப் பிழைத்த சில கெல்ப்களின் வித்துகளிலிருந்து வெப்பம் தாங்குபவற்றைத் தேர்ந்து, ஆய்வகத்தில் வளர்த்து, அதே பாறைகளில் மீண்டும் நட்டு வருகின்றனர் டாஸ்மேனிய ஆய்வாளர்கள்.