கரையும் வடிகாலும்: நொய்யல் படுகையில் நீர்நிலைக் காப்பெல்லை விதிகள் (1989–2024)

நீர்நிலையின் கரையிலிருந்து இத்தனை தொலைவுக்குள் இன்ன தொழில் கூடாது என வரையறுப்பது, நீர்நிலைகளைக் காக்கத் தமிழக அரசு கையாண்ட முதன்மையான வழிகளுள் ஒன்று. அவ்வாறு வரையப்பட்ட காப்பெல்லை திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்பகுதியில் நொய்யலாற்றை ஏன் காக்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நடைமுறைப்படுத்தலில் இருந்த தளர்ச்சியே காரணம் என்பது பொதுவான விளக்கம். அதை மறுப்பதற்கில்லை. எனினும் விதிகள் கரையிலிருந்து தொலைவை அளந்தன. சாயக்கழிவோ ஓடைவழியே சென்றது. அளவுகோலின் இக்குறையே அடிப்படையானது என இங்கு வாதிடப்படுகிறது.

30.03.1989 நாளிட்ட, சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறையின் அரசாணை எண் 213, ஆறு, ஓடை, அணை முதலியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு விளைக்கும் தொழிற்சாலைகளைப் புதிதாக அமைக்கத் தடை விதித்தது. சாயத்தொழிலும் அவற்றுள் அடங்கும். பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் குறித்த வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் (28.08.1996) உச்ச நீதிமன்றம் இவ்வாணையை உடனே நடைமுறைப்படுத்தப் பணித்தது. 08.05.1998இல் வெளிவந்த அரசாணை எண் 127, காவிரியும் அதன் துணையாறுகளும் உள்ளிட்ட சில ஆறுகளுக்கு இவ்வெல்லையை 5 கிலோமீட்டராக விரித்தது. நொய்யல் காவிரியின் துணையாறு. ஆகவே அதுவும் இதனுள் வந்தது.

ஆயினும் இவ்வாணைகள் இனி வரவிருந்தவற்றையே தடுத்தன. 1980களில் ஏற்றுமதி பெருகத் தொடங்கியதிலிருந்து சாய, சலவைப் பட்டறைகள் நொய்யலை ஒட்டியே வளர்ந்திருந்தன. 1998 ஆணை வெளிவந்தபோது அதன் எல்லைக்குள் திருப்பூர் நகரமே இருந்தது.

இதனினும் ஆழமான சிக்கலை ஒரத்துப்பாளையம் அணை காட்டுகிறது. அன்றைய ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாசனத்துக்கெனக் கட்டப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. திருப்பூருக்குக் கீழ்ப்புறம், 5 கிலோமீட்டர் எல்லைக்கும் மிக அப்பால் அமைந்தது. அணையைச் சுற்றி அதே அளவில் வட்டம் வரைந்திருந்தாலும் திருப்பூர்ப் பட்டறைகள் அதற்குள் வந்திரா. எனினும் சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. பாசனத்துக்குத் திறக்க வேண்டிய மதகைத் திறக்காதிருப்பதே உழவர்க்கு நன்மை என்னும் விந்தையான நிலை உருவாயிற்று. மண்ணும் கிணற்று நீரும் உப்பேறின.

நீதிமன்றத்தை அணுகிய அமைப்பின் பெயர் இங்குக் கவனத்துக்குரியது: நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம். அவர்கள் பட்டறைகளின் அண்டை வீட்டார் அல்லர். அவர்களையும் பட்டறைகளையும் இணைத்தது நீரோட்டம் மட்டுமே. ‘ஆயக்கட்டு’ என்பதே ஒரு மதகின் நீர் எட்டும் பரப்பைக் குறிக்கும் சொல். அரசாணைகளின் தொலைவுக் கணக்கில் இடம்பெறாத இந்த உறவை வழக்கின் அடிப்படையாக்கினர் உழவர். 22.12.2006இல் சென்னை உயர் நீதிமன்றமும் 06.10.2009இல் உச்ச நீதிமன்றமும் வழங்கிய தீர்ப்புகள், கழிவுநீரை அறவே வெளியேற்றாமையைக் கட்டாயமாக்கின. அது நிறைவேறாத நிலையில், 28.01.2011இல் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கிலோமீட்டர்க் கணக்கு செய்யாததை, ஒரு துளியும் வெளியே செல்லலாகாது என்னும் நிபந்தனை செய்யத் தலைப்பட்டது. அதற்காகத் தொழிலாளர் இழந்த வேலைநாள்களையும் வரலாறு கணக்கில் கொள்ள வேண்டும்.

2017ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் இருவகை அளவுகோல்களையும் கொண்டவை. ஒன்று பழையது: பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. மற்றொன்று புதியது: ஈரநிலத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய நீர்ப்பிடிப்புப் பகுதியைத் ‘தாக்க மண்டலம்’ என வரையறுப்பது. நொய்யலுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டாவதே. ஆனால் ஆற்றுப்போக்கையும் பாசனத்துக்கென அமைத்த நீர்நிலைகளையும் அவ்விதிகள் ஈரநிலம் என்னும் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. படுகையின் ஏரி, குளங்கள் பெரும்பாலும் பாசனத்துக்கென அமைந்தவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பகுதிகளுக்கும் இவ்விதிகள் பொருந்தா. எனவே 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நஞ்சராயன் குளமும் வேறு வழியாகவே காப்பெல்லை பெற வேண்டியுள்ளது.

அந்த வழியிலும் தொலைவே பேசப்பட்டது. சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டர் சூழல் கூருணர்வு மண்டலம் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 03.06.2022இல் ஆணையிட்டு, 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தியது. ஐதராபாத்தின் உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஏரிகளுக்கான 1996ஆம் ஆண்டின் அரசாணை எண் 111 இதனின் வேறுபட்டது. அதுவும் 10 கிலோமீட்டர் என்றே கூறியது. ஆனால் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் அதனை அளந்து, ஊர்களைப் பெயரிட்டுப் பட்டியலிட்டது.

நஞ்சராயன் குளத்துக்கு நீர் கொணர்வது நல்லாறு. நகரக் கழிவும் அதே ஓடையில்தான் வருகிறது. குளத்தின் காப்பெல்லையை வரைய, கரையிலிருந்து நாடாப் பிடிப்பதைவிட நல்லாற்றின் வரத்து வாய்க்கால்களை மேல்நோக்கித் தொடர்வது பயன் தரும். அதற்கான மூலச்சான்றுகள் வருவாய்த் துறையின் பழைய புலப்படங்களிலும் கிராம ‘அ’ பதிவேடுகளிலும் உள்ளன. சூழலியல் ஆய்வில் இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படாத இவ்வாவணங்களை நல்லாற்றுப் பகுதியிலிருந்தே தொடங்கி வாசிக்கலாம்.