அலுமினியமா, பைபரா? மீன்பிடிப் படகு வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

கனடாவில் வாழும் எம்மவர்களிடம் படகு பற்றிய கேள்வி இரண்டு விதமாக எழுகிறது. ஒன்று, கோடையில் பிள்ளைகளோடு ஏரியில் மீன்பிடிக்க ஒரு சிறிய படகு வாங்குவது. மற்றது, ஊரில் கடற்றொழில் செய்யும் உறவினருக்குப் படகு வாங்கக் காசு சேர்த்து அனுப்புவது. இரண்டிலும் படகின் உடல் அலுமினியமாக இருக்க வேண்டுமா, பைபர் எனப்படும் கண்ணாடியிழையாக இருக்க வேண்டுமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இங்கு பொருந்தும் விடை அங்கு பொருந்தாது. எனவே இரண்டு பொருட்களின் இயல்பையும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு இடமாக வருவோம்.

எடை

கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் அலுமினியமே பாரமானது. ஆனால் சிறிய அலுமினியப் படகின் தகடு 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பே இருக்கும். அதே பலத்துக்குப் பைபரைப் பல படையாகத் தடிப்பாக இட வேண்டும். அதனால் ஒரே நீளமுள்ள படகுகளில் பெரும்பாலும் அலுமினியமே இலேசானது. இலேசான படகுக்குச் சிறிய எஞ்சின் போதும், எரிபொருளும் குறையும், சாதாரணக் காரே இழுத்துச் செல்லும். ஒன்ராறியோவில் ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் அதற்குத் தனிப் பிரேக் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அலையில் ஓட்டம்

பைபர் படகு அச்சில் வார்க்கப்படுவதால் அலையை வெட்டும் வளைவுகளை அதில் எளிதாக அமைக்கலாம். பாரமும் சேர்வதால் அலையில் மெத்தென்று ஓடும். அலுமினியப் படகு அலையில் தட்டும், சத்தம் போடும். நங்கூரம் இல்லாமல் நின்று தூண்டில் போட்டால் காற்று அதை இழுத்துச் செல்லும்.

அடிபட்டால்

பாறையில் மோதினால் அலுமினியம் பெரும்பாலும் நெளியும், பைபர் வெடிக்கும். நெளிந்த படகில் கரை சேரலாம். வெடித்த இடத்தால் நீர் உள்ளே இறங்கும்.

திருத்தம் என்று வந்தால் நிலைமை தலைகீழாகும். பைபர் வெடிப்பைச் சுரண்டி, உலர்த்தி, கண்ணாடியிழை விரிப்பும் ரெசினும் இட்டுப் பழகிய கை எங்கும் திருத்தலாம். அலுமினியத்தை ஒட்ட ஆர்கன் வாயு, அதற்குரிய வெல்டிங் இயந்திரம், பயிற்சி பெற்ற ஆள் மூன்றும் வேண்டும்.

உப்பும் ஈரமும்

அலுமினியம் உப்புநீரில் வேறு உலோகத்தைத் தொட்டால் அரிக்கப்படும். அடியில் தேங்கிய நீரில் கிடக்கும் ஒரு செப்புக் கம்பித் துண்டே தகட்டில் குழி விழுத்தப் போதும். செம்பு கலந்த அடிப்பூச்சை அதில் பூசவே கூடாது. கடலில் ஓடும் அலுமினியப் படகுக்குத் தன்னை அரிக்கக் கொடுத்துப் படகைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள் பூட்டி, அவை தேயத் தேய மாற்ற வேண்டும்.

பைபருக்கு எதிரி ஈரம். பைபர் அரிக்காது. ஆனால் அதனுள் வைத்துக் கட்டிய பலகை, குறிப்பாக எஞ்சின் பூட்டும் பின்பலகை, ஆணித் துளைகளால் நீர் புகுந்தால் உளுத்துவிடும். கனடாவின் குளிரில் உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்து வெடிப்பைப் பெரிதாக்கும்.

பத்து ஆண்டுக் கணக்கு

எமது தொழில் கணக்கு. வாங்கிய விலையோடு திருத்தச் செலவைக் கூட்டி, விற்கும் விலையைக் கழித்து, வைத்திருந்த ஆண்டுகளால் வகுத்தால் வருவதே படகின் உண்மையான விலை.

சந்தை விலையாக அல்லாமல் ஓர் உதாரணமாகப் பார்ப்போம். நல்ல நிலையில் உள்ள படகை 18,000 டொலருக்கு வாங்கி, 3,000 செலவழித்து, பத்து ஆண்டின் பின் 8,000க்கு விற்றால் ஆண்டுக்கு 1,300. பின்பலகை உளுத்த படகை 14,000க்கு வாங்கி, 9,000 செலவழித்து, 3,000க்கு விற்றால் ஆண்டுக்கு 2,000. வாங்கும்போது மிச்சம் பிடித்த 4,000 டொலர் எங்கோ போய்விட்டது.

பழைய படகைச் சோதிக்கும் விதம்

பைபர் என்றால் சிறிய சுத்தியலின் பிடியால் உடல் முழுவதும் தட்டுங்கள். கணீரென்ற ஒலி நல்லது. மந்தமாகக் கேட்டால் படைகள் பிரிந்திருக்கலாம் அல்லது உள்ளே ஈரம் இருக்கலாம். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பின்பலகை அசையக் கூடாது.

அலுமினியம் என்றால், ட்ரெய்லரில் இருக்கும்போதே படகுக்குள் சிறிது நீர் ஊற்றி வெளியே பாருங்கள். தளர்ந்த றிவெற் ஆணிகளும் வெடித்த ஒட்டும் சொட்டிக் காட்டிக் கொடுக்கும்.

ஒன்ராறியோ ஏரிகளுக்கு

இங்கு நீர் உப்பில்லாதது, வடக்கு ஏரிகளில் பாறை அதிகம், படகு ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரில் ஏறி இறங்கும், வெல்டிங் ஆளும் கிடைப்பார். எனவே பெரும்பாலான குடும்பங்களுக்கு அலுமினியமே பொருத்தம். சிம்கோ போன்ற பெரிய ஏரியில் காற்று நாளிலும் நடுவே போக விரும்புபவர் பைபரையோ, ஆழமான 'வி' வடிவ அடியுள்ள அலுமினியத்தையோ பார்க்கலாம்.

ஊர்க் கடலுக்கு

வடமராட்சியிலோ முல்லைத்தீவிலோ இந்தக் காரணங்கள் எல்லாம் மாறிவிடுகின்றன. கடல் உப்பு, படகு நாள்தோறும் ஓடும், மணலில் இழுபடும். காரைநகரில் நோர்வே உதவியோடு உருவான சீனோர் படகுத்தளத்தின் காலம் தொட்டு எமது கரைகள் பைபருக்குப் பழகியவை. அதைத் திருத்தும் கைகள் அங்கே உண்டு. எனவே அங்கு பைபரே சரி.

ஆனால் எந்தப் பைபர் என்பதில் கவனம் வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவசரமாகக் கட்டி வழங்கப்பட்ட படகுகளில் தரம் குறைந்தவை பல இருந்தன. காசு அனுப்புமுன் எத்தனை படை இட்டது, பின்பலகை என்ன மரம், மணலில் தேயும் அடிப்பாகத்துக்கு மேலதிகப் படை உண்டா என்று கட்டுபவரிடம் எழுத்தில் கேளுங்கள். கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களப் பதிவு யாருடைய பெயரில் என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள்.

இங்கு படகு பழுதானால் ஒரு வார இறுதி போகும். அங்கு பழுதானால் அன்றைய அடுப்பு எரியாது. எனவே உறவினர் அடுத்த நாளே கரையில் வைத்துத் திருத்தி மீண்டும் கடலில் இறக்கக்கூடிய படகுக்கே காசு அனுப்புங்கள்.