நெகிழ்வு அலுவலகம்

நெகிழ்வு அலுவலகம் என்பது, அங்கு வேலை செய்வோரின் எண்ணிக்கையும் வேலையின் இயல்பும் மாறுவதற்கு ஏற்ப, சுவர்களை இடிக்காமலேயே மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய அலுவலக இடம் ஆகும். ஒருவருக்கு ஒரு மேசை என்னும் வழமைக்கு மாறாக, இங்கே மேசைகளும் அறைகளும் பலரால் பகிர்ந்து பயன்படுத்தப்படுகின்றன. வாரத்தில் சில நாட்கள் வீட்டிலும் ஏனைய நாட்கள் அலுவலகத்திலும் வேலை செய்யும் கலப்புப் பணி முறை, 2020 ஆம் ஆண்டில் தொடங்கிய கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தின் பின்னர் பல நாடுகளிலும் பரவியது. இதனால் நெகிழ்வு அலுவலகம் கூடுதல் கவனத்தைப் பெற்றது. எனினும் இக்கருத்து புதியதன்று.

வரலாறு

1950களின் இறுதியில், செருமனியின் ஆம்பர்க் நகருக்கு அருகில் உள்ள குவிக்போர்னில் இயங்கிய செனெல்லே உடன்பிறப்புகளின் ஆலோசனைக் குழு, "அலுவலக நிலத்தோற்றம்" என்னும் முறையை உருவாக்கியது. நேர் வரிசைகளைக் கைவிட்டு, தாள்களும் தகவல்களும் யாரிடமிருந்து யாருக்குச் செல்கின்றன என்பதை ஆராய்ந்து, அதற்கேற்ப மேசைகளைப் பரந்த தளத்தில் இட்டனர். இடையிடையே செடிகளும் தாழ்ந்த திரைகளும் வைக்கப்பட்டன. இரைச்சலும், சாளரத்திலிருந்து தொலைவில் இருக்க வேண்டியிருந்ததும் பணியாளர்களிடையே எதிர்ப்பை உண்டாக்கின. 1970களில் ஐரோப்பாவில் இம்முறை செல்வாக்கு இழந்தது.

ஐக்கிய அமெரிக்காவில், ஹேர்மன் மில்லர் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவராக இருந்த ரொபர்ட் புரொப்ஸ்ட், 1964 இல் "செயல் அலுவலகம்" என்னும் தளபாடத் தொகுதியை அறிமுகப்படுத்தினார். இதனை வடிவமைத்தவர் ஜோர்ஜ் நெல்சன். 1968 இல் வெளிவந்த இரண்டாவது வடிவத்தில், பல கோணங்களில் இணைக்கத்தக்க தனித்து நிற்கும் பலகைத் தடுப்புகள் இருந்தன. வேலை மாறும்போது பணியாளரே தமது இடத்தை மாற்றி அமைப்பார் என்பது புரொப்ஸ்டின் எண்ணம். நடந்ததோ வேறு. நிறுவனங்கள் அத்தடுப்புகளைச் செங்கோணத்தில் இணைத்து, குறைந்த பரப்பில் கூடிய பேரை அமர்த்தும் சிறு கூண்டுகளாக்கின. அசையும் தளபாடங்களை நிலையான சுவர்களைவிட விரைவாகத் தேய்மானக் கணக்கில் கழிக்க அந்நாட்டு வரிச் சட்டம் இடம் கொடுத்ததும் இதற்கு ஒரு காரணம். நெகிழ்வுக்காக உருவான பொருளே அசையாத அலுவலகத்தின் அடையாளமாக மாறியது இத்துறையின் பெரிய முரண் எனலாம்.

நெதர்லாந்தின் அப்பல்தோர்னில் ஏர்மன் ஏர்ட்சுபெர்கர் வடிவமைத்து 1972 இல் முடிவுற்ற சென்ட்ரால் பெகீர் காப்புறுதி நிறுவனக் கட்டிடம் வேறு வழியைக் காட்டியது. அங்கே பெரிய தளம் சிறு மேடைகளாகப் பிரிக்கப்பட்டது. பணியாளர்கள் தமது செடிகளையும் படங்களையும் கொண்டுவந்து அவற்றைத் தமதாக்கிக் கொண்டனர்.

சொந்த மேசையை முற்றாக நீக்கிய முயற்சிகளுள் பெயர் பெற்றது, சையட்/டே விளம்பர நிறுவனம் 1993 இல் அறிவித்த திட்டம் ஆகும். லொஸ் ஏஞ்சலசில் இருந்த அதன் பணியாளர்கள் காலையில் மடிக்கணினியையும் தொலைபேசியையும் இரவல் பெற்று, விரும்பிய இடத்தில் அமர வேண்டும். சொந்தப் பொருட்களுக்குச் சிறு பெட்டகம் மட்டுமே. கருவிகள் எல்லோருக்கும் போதவில்லை. சிலர் கோப்புகளைத் தமது மகிழுந்தின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டனர். 1998 இல் அந்நிறுவனம் குடியேறிய புதிய கட்டிடத்தில் மேசைகள் மீண்டும் ஒதுக்கப்பட்டன.

மேசைகளின் எண்ணிக்கை

மேசைப் பகிர்வில் பெரும்பாலான தவறுகள் சராசரியை நம்புவதால் நேர்கின்றன. நூறு பேர் வாரத்தில் மூன்று நாட்கள் வருவதாகக் கொண்டால், ஐந்து நாட்களுக்குச் சராசரி வருகை 60 ஆகும். ஆனால் திங்களையும் வெள்ளியையும் வீட்டில் கழிக்கவே பலரும் விரும்புவர். ஒரு செவ்வாயன்று 85 பேர் வந்தால் 60 மேசைகளில் 25 பேருக்கு இடமில்லை; வெள்ளியன்று பாதி மேசைகள் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே உச்ச நாளைக் கொண்டே திட்டமிட வேண்டும், அல்லது குழுக்களுக்கு வெவ்வேறு நாட்களை ஒதுக்க வேண்டும். ஒன்றாக வேலை செய்வோர் ஒரே நாளில் வராவிட்டால் அலுவலகத்துக்கு வருவதன் பயனே குறையும் என்பதால் இரண்டாவது வழி எளிதன்று.

தளபாடங்களும் கட்டிடச் சேவைகளும்

ஒரே மேசையைப் பல உயரமுள்ளோர் பயன்படுத்துவதால், உயரம் மாற்றக்கூடிய மேசை இங்கே ஆடம்பரம் அன்று. இத்தகைய மேசைகள் ஏறத்தாழ 65 முதல் 125 சதமமீட்டர் வரை உயரும். நாற்காலியின் இருக்கை, முதுகுத்தாங்கி, கைத்தாங்கி ஆகியவற்றைக் கையேடு பார்க்காமலே சரிசெய்ய முடிய வேண்டும். கணினித் திரையை அசையும் தாங்கியில் பொருத்தி, ஒரே வடத்தின் மூலம் மடிக்கணினிக்கு மின்சாரமும் திரை இணைப்பும் கொடுப்பது காலையில் வீணாகும் நேரத்தைக் குறைக்கும். பெட்டகம் மடிக்கணினி, தலைக்கவசம், உணவுப் பெட்டி ஆகியவை அடங்கும் அளவில் இருத்தல் வேண்டும். இது சிறு செய்தி போலத் தோன்றினாலும், தமக்கென ஓர் இடமும் இல்லை என்னும் மனக்குறை பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

சில்லுப் பூட்டிய மேசைகளை வாங்கிவிட்டால் மட்டும் நெகிழ்வு வந்துவிடாது. மின்செருகிகள் சுவரில் மட்டும் இருந்தால் மேசைகளும் சுவரை விட்டு நகரமாட்டா. இதனாலேயே உயர்த்திய தளம் அமைத்து, பெயர்த்தெடுக்கக்கூடிய 60 சதமமீட்டர் சதுரத் தட்டுகளின் கீழ் வடங்களைக் கொண்டுசெல்கின்றனர். மடிப்புச் சுவர்களின் சுமையைப் பெரும்பாலும் மேலே உள்ள தண்டவாளமே தாங்குவதால், அதற்கேற்ற உத்தரம் முன்னரே திட்டமிடப்பட வேண்டும். விளக்குகள், குளிர்காற்று வாய்கள், தீயணைப்பு நீர்த்தூவிகள் ஆகியவற்றையும் அறைப் பிரிப்புக்குப் பொருந்தும் ஒழுங்கில் அமைத்தல் வேண்டும்.

ஒலி

ஒலியை உறிஞ்சுவதும் ஒலியைத் தடுப்பதும் ஒன்றல்ல. கம்பளமும் மென்பலகையும் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த அறைப் பேச்சைத் தடுப்பதற்குக் கனமான, இடைவெளியற்ற சுவர் தேவை. தொங்கு கூரையுடன் நின்றுவிடும் தடுப்பின் மேலாக ஒலி எளிதாகக் கடந்து செல்லும். ஆதலால் இரகசியம் பேசும் அறைகளில் தடுப்பை மேற்தளம் வரை உயர்த்துவர். திறந்தவெளி அலுவலகங்களின் ஒலித் தரத்துக்கு ஐ.எசு.ஓ 22955 என்னும் அனைத்துலகச் சீர்தரம் 2021 இல் வெளியிடப்பட்டது.

காணொளிக் கூட்டங்களுக்கான அறைகள் தனிக் கவனத்துக்கு உரியவை. நீண்ட செவ்வக மேசையில் அருகில் இருப்பவர் அடுத்தவரை மறைத்துவிடுவார். திரையை நோக்கி அகலும் சரிவக மேசையில் எல்லா முகங்களும் ஒளிப்படக்கருவிக்குத் தெரியும். கண்ணாடிச் சுவர்கள் அழகாக இருப்பினும், ஒலியைத் தெறிக்கச் செய்து தொலைவில் இருந்து கேட்பவருக்குப் பேச்சைக் குழப்பிவிடுகின்றன.

திறனாய்வு

சுவர்களை நீக்கினால் பணியாளர்கள் கூடுதலாகக் கலந்து பேசுவர் என்பது பரவலான நம்பிக்கை. ஈத்தன் பேர்ன்சுடீன், சுடீவன் டேர்பன் ஆகியோர் 2018 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு நிறுவனத் தலைமையகங்களில் நேருக்கு நேர் பேசுதல் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்து, மின்னஞ்சல் பயன்பாடு கூடியதை அது காட்டியது. வாடகைச் செலவைக் குறைப்பதற்காக மட்டும் மேசைப் பகிர்வைக் கொண்டுவரும்போது, மிச்சமாகும் பரப்பின் ஒரு பகுதியாவது அமைதி அறைகளுக்கும் சிறு கூட்ட அறைகளுக்கும் ஒதுக்கப்படாவிடில், பணியாளர் இழக்கும் மேசைக்கு ஈடாக அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.