கணினிப் பூட்டின் கதை



ஒரு வீட்டில் கணினி இருக்கிறது. அதை வாங்கி, எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தவன் மூத்த மகன். அவனுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். ஒரு நாள் கணினி கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது. நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்கிறது. மகனுக்கும் அந்தச் சொல் நினைவில்லை. தங்கையின் பள்ளிப் பாடங்களும் தாத்தாவின் கடைசிப் படங்களும் உள்ளே இருக்கின்றன. வீட்டுக்காரர் வெளியே நிற்கிறார். இப்படி ஒரு பூட்டு எப்படித் தோன்றியது? பூட்டிக்கொண்டவர்கள் எப்படி மீண்டும் உள்ளே போனார்கள்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், நிர்வாகி என்பவர் யார்? தோட்டத்தில் ஸ்டோர் சாவிகள் பெரிய கிராணியின் பொறுப்பில் இருப்பதை அறிவீர்கள். கணினியிலும் ஒவ்வொருவருக்கும் தத்தம் அறைக்கு ஒரு சாவி உண்டு. எல்லா அறைகளையும் திறக்கவும், தொலைத்தவருக்குப் புதுச் சாவி தரவும் உரிமை பெற்றவரே நிர்வாகி.

கணினியில் கடவுச்சொல் வழக்கத்திற்கு வந்தது 1961ஆம் ஆண்டில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை அமைத்தது. ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடாதிருக்கத்தான் கடவுச்சொல். ஆனால் அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் அதை மீறினார். தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தரும்படி கணினியிடமே கேட்டார். அதுவும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! 1966இல், ஒரு தவற்றினால், உள்ளே நுழைந்த எல்லாருக்கும் முழுப் பட்டியலும் தானாகவே தெரிந்தது.

படிக்கக்கூடிய வடிவில் கடவுச்சொல்லை வைத்திருப்பது ஆபத்து என்பது தெளிவாயிற்று. யூனிக்ஸ் என்னும் அமைப்பில் இதற்குக் கண்ட வழியை ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் கட்டுரையாக விளக்கினர். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், கணக்கு முறையால் அரைத்து வைத்தார்கள். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியுமா? ஆகவே, மறந்த சொல் என்னவென்று நிர்வாகியாலும் சொல்ல முடியாது. அவரால் புதிய சொல்லை வைக்க மட்டுமே முடியும். நம் கதைக்கு இதுதான் அடிப்படை.

வீட்டுக் கணினிக்குத் தொடக்கத்தில் பூட்டே இல்லை. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினி யாரிடமும் கடவுச்சொல் கேட்காது. 1995இல் வந்த விண்டோஸ் 95 கடவுச்சொல் கேட்டது. ஆனால் வேண்டாம் என்று அழுத்தினாலும் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தான், அலுவலகக் கணினியின் உறுதியான பூட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

அதன் வீட்டுப் பதிப்பில் நிர்வாகி என்ற கணக்கு ஒன்று மறைந்திருந்தது. கணினி தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்திப் பாதுகாப்பு நிலைக்குப் போனால் அது தென்படும். அதற்குப் பெரும்பாலும் கடவுச்சொல்லே இராது. அதன் வழியாக உள்ளே போய், மறந்த கணக்குக்குப் புதுச் சொல் வைத்தவர்கள் பலர். நார்வே நாட்டவரான பெட்டர் நோர்டால்-ஹாகென் என்பவர் 1990களில் ஒரு நெகிழ்வட்டு நிரலையும் உருவாக்கினார். அது விண்டோஸை எழுப்பாமலேயே பழைய சொல்லை அழித்துவிடும். ஜாகா தூங்கும்போது பின்வாசலால் நுழைவதைப் போன்றது அது.

ஆனால் வீட்டுக்காரர் நுழையும் பின்வாசலால் திருடனும் நுழைவான் அல்லவா? 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்த மறை கணக்கை முடக்கி வைத்தார்கள். அதன் சில பதிப்புகளில் பிட்லாக்கர் என்னும் ஏற்பாடும் வந்தது. இது வட்டில் உள்ளவற்றையே யாரும் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றிவிடும். 48 இலக்க மீட்பு எண் இருந்தால் மீட்கலாம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் கணினிக் கணக்கை மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைக்க முடிந்தது. அப்படி இணைத்தவர், கைத்தொலைபேசி வழியாகவே புதுச் சொல் வைக்கலாம். 2024 முதல், பல புதிய கணினிகள் உரியவர் கேட்காமலேயே வட்டை மறைத்துவிடுகின்றன.

இங்கேதான் பெரிய மாற்றம். முன்பு பூட்டு கதவில் மட்டுமே இருந்தது. உள்ளே பொருள் பொருளாகவே இருந்தது. இன்று பொருளே பூட்டிக் கிடக்கிறது. சாவி இல்லையென்றால், கெட்டிக்காரக் கடைக்காரராலும் அதைத் திறக்க இயலாது. எல்லாவற்றையும் அழித்துக் கணினியைப் புதிதாக்கலாம்; ஆனால் தாத்தாவின் படங்கள் திரும்பி வரா.

ஆகவே, கணினி திறந்திருக்கும் நாளிலேயே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் நிர்வாகிக் கணக்கு அமையுங்கள். இரண்டு, 48 இலக்க மீட்பு எண் இருந்தால் அதைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்களோடு பெட்டியில் வையுங்கள். மூன்று, முக்கியமான படங்களையும் பாடங்களையும் வேறோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள். திறந்து தருகிறேன் என்று தொலைபேசியில் அழைக்கும் முன்பின் அறியாதவரிடம் மட்டும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள்.

வீட்டுச் சாவி ஒருவர் மடியில் மட்டும் இருக்கக் கூடாது என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். கணினிச் சாவியும் அப்படியே.