ஊர்ந்து வந்த அச்சம்



ஊரையும் உற்றாரையும் விட்டுப் பிழைப்பின்பொருட்டு வெளி மாநிலம் வந்த இளைஞர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவர் ஒரு பெண்ணுடன் நெருங்கிப் பழகினார். ஆடை களையாத தழுவலுக்கு மேல் ஒன்றும் நிகழவில்லை. ஆயினும் மறுநாள் முதல் அவருக்கு உறக்கம் இல்லை. ஹெர்ப்பீஸ் என்னும் நோய் தம்மைத் தொற்றியிருக்குமோ என்று, தோலில் காணும் ஒவ்வொரு சிறு சிவப்பையும் கண்டு நடுங்குகிறார். வீட்டுக்கு எழுதக்கூடிய செய்தியன்று இது. வைத்தியரிடம் சொல்லவோ அவ்வூர் மொழியில் சொல் கிடைக்கவில்லை. இவ்வச்சம் எங்கிருந்து வந்தது என்று இன்று ஆராய்வோம்.

நோய் மிகப் பழையது. ‘ஊர்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அதன் பெயர். தோலில் ஊர்ந்து பரவும் புண்கள் பலவற்றையும் பண்டைக் கிரேக்க வைத்தியர்கள் இப்பெயராலேயே அழைத்தனர். மறைவிடத்தில் தோன்றும் கொப்புளங்களைப் பிரெஞ்சு வைத்தியர் ழான் அஸ்த்ருக் 1736-இல் தம் நூலில் விவரித்தார். அவை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதை விடால் என்பவர் 1893-இல் எடுத்துக்காட்டினார். பெரும்பாலும் உதட்டில் காணும் முதல் வகை, பெரும்பாலும் மறைவிடத்தில் காணும் இரண்டாம் வகை என வைரஸ் இருவகைப்படும் என்பது 1960-களில் தெளிவாயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இங்கே ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஹெர்ப்பீஸ் என்பதை ‘அக்கி’ என்று பெயர்ப்பதுண்டு. ஆனால் நம் ஊர்களில் குயவர் காவி கொண்டு எழுதும் அக்கி பெரும்பாலும் வேறொரு நோய். சின்னம்மை வைரஸ் உடலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதால் அது வருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்களால் வருபவையே. எனினும் பெயர் ஒன்றானதால் நோய் ஒன்றாகிவிடாது.

நோய் பழையதாயினும், அதன்மேல் ஏறிய பெரும் பீதி அண்மைக் காலத்தது. 1982 ஆகஸ்டு 2-ஆம் நாளிட்ட அமெரிக்க ‘டைம்’ வார இதழ், தன் அட்டையில் ஹெர்ப்பீஸைச் ‘சிவப்பு எழுத்து’ என்று வருணித்தது. ஹாதார்ன் 1850-இல் வெளியிட்ட புதினத்தில், நெறி தவறியவள் எனத் தண்டிக்கப்பட்ட பெண் மார்பில் அணிந்த அவமானச் சின்னமே அது. இவ்வாறு ஒரு தோல் நோய் ஒழுக்கத்தின்மீது இட்ட சூடாக மாறிற்று. அதே 1982-இல்தான் அசைக்ளோவிர் மருந்து அந்நாட்டில் அனுமதி பெற்றது. அவ்வாய்வில் பங்குகொண்ட கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். மருந்தும் அவமானமும் ஒரே ஆண்டில் புறப்பட்டன. அவமானமே விரைவாகப் பரவிற்று.

உண்மை நிலை யாது? உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம் முதல் வகை உண்டு. 15 முதல் 49 வயதுடையோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை உண்டு. பெரும்பாலோருக்குக் குறி எதுவும் தோன்றுவதில்லை, அல்லது மிகச் சிறிதே தோன்றும். தொற்றுள்ள தோலோ ஈரச் சவ்வோ மற்றவருடையதை நேரே தொடும்போதே நோய் பரவுகிறது. ஆடைமீது நிகழ்ந்த தழுவலாலும், துண்டாலும், கழிப்பறை இருக்கையாலும் பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. முத்தத்தால் முதல் வகை வாய்க்குப் பரவலாம். வாய்வழி உறவால் மறைவிடத்துக்கும் பரவலாம். உறை அணிவது ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

கொப்புளம் எழுமாயின், பெரும்பாலும் 2 முதல் 12 நாட்களுக்குள் எழும். எழுந்தால், அது உலர்வதற்குள் வைத்தியரிடம் காட்டுக. மாதிரி எடுத்துச் சோதிப்பது அப்போதுதான் எளிது. குறியொன்றும் இல்லாதவருக்கு இரத்தச் சோதனை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. தவறான முடிவு காட்டி வீண் கலக்கம் தரக்கூடும். கருவுற்ற பெண்கள் மட்டும் ஐயம் தோன்றியவுடனே வைத்தியரிடம் கூற வேண்டும்; பேறுகாலத்தில் சிசுவுக்குத் தொற்றினால் ஆபத்து பெரிது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ‘சுரக்ஷா’ என்னும் பெயரில் பால்வினை நோய் ஆலோசனைப் பிரிவு உண்டு. 1097 என்னும் எண்ணில் கட்டணமின்றிக் கேட்கவும் செய்யலாம்.

நம் இளைஞருக்கு நேர்ந்தது ஆடைமீது நிகழ்ந்த தழுவல் மட்டுமே. அதனால் இந்நோய் தொற்ற வழியில்லை. அவர் உறக்கத்தைக் கெடுத்தது எங்கோ ஒருவர் அட்டையில் அச்சிட்ட சிவப்பு எழுத்து. அதனைத் தம் நெஞ்சில் அவர் சுமக்க வேண்டியதில்லை.