துவிச்சக்கர வண்டியின் சட்டகமும் கொழுந்துக் கூடையும்

துவிச்சக்கர வண்டியின் சட்டகம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது பொறியியலாளர் தீர்க்கவேண்டிய கணக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. இலக்கிய ஆய்வாளராகிய நாம் இரும்புக் குழாய்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் அது ஒன்றைப் பெற இன்னொன்றை இழக்கும் கணக்கு. எதனை இழப்பது என்ற தெரிவிலே, எவருடைய உடல் கணக்கில் எடுக்கப்பட்டது என்ற வினாவும் அடங்கியுள்ளது. ஹற்றன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து இதனை நோக்கலாம்.

1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டியிலிருந்தே இன்றைய சட்டகம் வளர்ந்தது. சில ஆண்டுகளில் அது சாய்சதுர வடிவம் பெற்றது. இரு முக்கோணங்கள் ஒட்டி நிற்பதனால் குழாய்கள் பெரும்பாலும் இழுவையையும் அமுக்கத்தையுமே தாங்குகின்றன. வளைக்கும் விசை குறைவாதலின் மெல்லிய குழாய்களே போதுமாகின்றன. பாவாடையோ சேலையோ உடுத்த பெண்ணுக்காக மேற்குழாயைத் தாழ்த்தினால் (‘பார்’ என்பது வழக்கு) முக்கோணம் குலைகின்றது. வண்டி பாரமாகின்றது, அன்றேல் நெளிகின்றது. 1893இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த டென்மார்க்கியரான மிக்கேல் பெடர்சன் வேறு வழி கண்டார். மெல்லிய குழாய்களைப் பல முக்கோணங்களாகப் பிணைத்து, நடுவே ஊஞ்சல் போன்றதோர் இருக்கையைத் தொங்கவிட்டார். வண்டி மிக இலேசாயிற்று. ஆனால் இருக்கையின் உயரத்தை எளிதில் மாற்றவியலாமையால், ஆளின் உயரத்துக்கேற்பப் பல அளவுகளிற் சட்டகம் செய்யவேண்டியதாயிற்று. பெருந்தொகை உற்பத்திக்கு இது உவப்பானதன்று.

குடியேற்ற நாடுகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது சாய்சதுரச் சட்டகமே: 28 அங்குலச் சக்கரம், சாய்வான முன்கவை, ஏறத்தாழ 20 கிலோ நிறை, கம்பித் தண்டுகளால் இயங்கும் பிறேக். கரடுமுரடான சமதரைக்கு அது சிறந்த வண்டி. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் அதற்குச் சான்று பகரும். மலைநாட்டிலோ கணக்கு தலைகீழாகின்றது. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனிலிருந்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு அதனை மிதித்தேறுதல் பெரும்பாடு. இறங்குகையிலோ, தென்மேற்குப் பருவமழையில் நனைந்த உருக்கு விளிம்பிலே பிறேக்குக் கட்டை வழுக்குகின்றது.

சரிவே இதற்குக் காரணம் என்று கூறி ஆய்வை முடித்துவிடலாமா? 1954இல் தியன் பியன் பூ போர்முனைக்குப் பொருள் கொண்டுசென்ற வியற்நாமிய மக்கள் மலைப்பாதைகளிற் சாதாரண வண்டிகளையே பயன்படுத்தினர். கைபிடியில் நீண்ட மூங்கிற் கழியொன்றையும், இருக்கையின் பின்னே இன்னொன்றையும் கட்டி, சட்டகத்தை உறுதிப்படுத்தி, ஒரு வண்டியில் 200 கிலோவுக்கும் மேல் ஏற்றித் தள்ளிச் சென்றனர். ஏறி ஓட்டும் வசதியைக் கைவிட்டுச் சுமையைப் பெற்றனர். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர் பழைய பாரச் சட்டகங்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய்ப் பொழுதுபோக்காகச் சரிவில் ஓட்டினர். மலைச் சைக்கிள் அவ்வாறு பிறந்தது. தேவை எவருடையது, அதனை நிறைவேற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கின்றது.

மலையகத்திலும் சரிவுக்கேற்ற வடிவமைப்புகள் இல்லாமலில்லை. 1885இல் நானுஓயாவை அடைந்த புகையிரதப் பாதை 44க்கு 1 என்ற ஏற்றத்தையும் மிகக் கூரிய வளைவுகளையும் ஏற்றுக்கொண்டது. 1903-04இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலைக்கு நீட்டப்பட்ட கிளைப்பாதையிலே தண்டவாள இடைவெளியே இரண்டரை அடியாகச் சுருக்கப்பட்டது. வேகத்தையும் கொள்ளளவையும் இழந்து, மலையை நெருங்கி வளையும் ஆற்றல் பெறப்பட்டது. (1940களில் அது மூடப்பட்டது.) பள்ளத்திலுள்ள தொழிற்சாலைக்குக் கொழுந்து மூட்டைகளை இறக்கக் கம்பிவடங்களும் கட்டப்பட்டன. தேயிலைப் பெட்டிக்காக இருப்புப்பாதையே மெலிந்தது என்க.

ஆனால் இவையனைத்தும் கொழுந்து மடுவத்திலே நிறுத்த பின்னர்தான் தொடங்குகின்றன. செடியிலிருந்து மடுவம் வரையுள்ள தூரத்துக்கு எந்த எந்திரமும் வரையப்படவில்லை. நிரைகளுக்கிடையே சக்கரம் உருளாது என்பது மெய்யே. வண்டி கொடுத்திருந்தால் துயர் தீர்ந்திருக்கும் என நாம் வாதிடவில்லை. மடுவங்களை மலைக்கு அண்மையில் அமைத்தல், நடைபாதைகளைச் செப்பனிடல், சுமையைச் சிறிது சிறிதாக இடையிலேயே இறக்கல் என்பன இயலாதவையுமல்ல. அங்கே தெரிவுசெய்யப்பட்ட வடிவம் கூடை. முதுகிற் கூடை, நெற்றியிற் கயிறு. இரு கைகளும் கொழுந்தெடுக்க விடுபடுகின்றன. முதலாளிக்கு மூலதனச் செலவு ஏதுமில்லை. இழக்கப்படுவது கழுத்தும் முள்ளந்தண்டும். பெடர்சன் குழாய்களிடையே பகிர்ந்த பாரத்தை இங்கே ஒரு பெண்ணின் எலும்புகள் பகிர்கின்றன. அவள்தான் சட்டகம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கூடை பல தோட்டங்களிற் சாக்காக மாறிற்று. கயிறு நெற்றியிலேயே இருக்கின்றது.

இவ்விடத்துக் கடல் கடந்து ஒன்றை நோக்குதல் தகும். கங்காணிகள் மலையகத்துக்கு ஆள் சேர்த்த தமிழகப் பகுதிகளுட் புதுக்கோட்டையும் ஒன்று. அங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் பல்லாயிரமாகக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களின் வண்டிகளையே பலர் ஓட்டினர். சிலர் அதனையே விரும்பவும் செய்தனர். பொறியியலாளன் முக்கோணத்தின் உறுதிக்காக வைத்த பாரிலே அவர்கள் தம் குழந்தையை உட்காரவைத்தனர். மலையகத்துத் தாயோ குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, கயிற்றை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிரைக்குச் செல்கின்றாள்.